கஹ்வாவும் கலவையும்

வீட்டிற்கு வந்த விருந்தினரை நோக்கி, "காப்பி அருந்துகிறீர்களா?" என்று வினவுவது நம் நாட்டு மரபு. அதனை அடுத்து இன்னொரு வினா இந்நாளில் தவறாமல் எழுகின்றது. "பால் சேர்க்கலாமா? சர்க்கரை போடலாமா?" என்பதே அது. முதல் வினா விருந்தோம்பலைச் சார்ந்தது. இரண்டாவது வினாவோ வினவுகின்றவரின் வசதியையும் விடை கூறுகின்றவரின் உடல்நிலையையும் ஒருங்கே புலப்படுத்திவிடுகின்றது. அண்மையில் நமது படாளத்து மஹல்லாவில் இவ்வினா ஒரு மஷ்வரா நடத்தும் அளவிற்குப் பெரிதாகிவிட்டது. அதனைக் கூறுமுன், காப்பியில் எதனைச் சேர்ப்பது என்னும் செய்தியைச் சற்றே ஆதியிலிருந்து ஆராய்வது பயன் தரும் எனக் கருதுகின்றோம்.

'கஹ்வா' என்னும் அரபுச் சொல் முதலில் காப்பியைக் குறிக்கவில்லை. மதுவிற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்றாகவே அது இருந்தது. பசியை அடக்குவது என்னும் பொருளுடைய வேரிலிருந்து அது பிறந்ததென அகராதியாளர் கூறுவர். பின்னர் அச்சொல் காப்பிக்கு உரியதாகித் துருக்கியர் நாவில் 'கஹ்வே' ஆயிற்று. ஐரோப்பியர் நாவில் 'காஃபி' ஆயிற்று. தமிழர் நாவில் காப்பி ஆயிற்று. இலங்கைத் தமிழர் இன்றும் அதனைக் கோப்பி என்பர். சர்க்கரையின் பயணமோ இதற்கு நேர்மாறானது. வடமொழியின் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'ஸுக்கர்' ஆகி, அங்கிருந்து மேலை நாடுகளுக்குச் சென்றது. கசப்பு மேற்கிலிருந்து நம்மிடம் வந்தது. இனிப்பு நம்மிடமிருந்து மேற்கே போயிற்று. இரண்டும் ஒரு குவளைக்குள் சந்திக்கின்றபோது, அரபும் தமிழும் ஓதியவனுக்கு அக்குவளையே ஒரு சொற்பாடம் ஆகிவிடுகின்றது.

பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபியாக்கள் இரவில் விழித்திருந்து திக்ரு செய்வதற்குத் துணையாகக் காப்பியை அருந்தினர். அதனை அங்குப் பரவச் செய்தவர்களுள் ஒருவராக ஏடன் நகரத்து முஃப்தி ஜமாலுத்தீன் தப்ஹானீ அவர்களைக் குறிப்பிடுவர். யமனிலிருந்து அப்பானம் மக்கா நகருக்கு வந்தபோது சிக்கல் எழுந்தது. 1511-ஆம் ஆண்டு மம்லூக் அரசின் அதிகாரியாக அங்கிருந்த காயிர் பேக், சட்ட அறிஞர்களைக் கூட்டிக் காப்பியைத் தடை செய்தார். வீதியில் காப்பிக் கொட்டைகள் எரிக்கப்பட்டன. ஆயினும் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அப்பானத்தை முற்றாகத் தடுக்கவில்லை. கூட்டங்களில் நிகழும் தீமைகளைத் தடுப்பதோடு அது அமைந்தது. இவ்வாதங்களையெல்லாம் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்துல் காதிர் ஜஸீரீ என்பார் 'உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா' என்னும் நூலில் தொகுத்து வைத்தார்.

அந்த வாதத்தில் நம் உள்ளத்தைக் கவர்ந்த ஒரு நுட்பம் உண்டு. மதுவின் பெயரைத் தாங்கியிருந்ததனாலேயே காப்பியை ஐயுற்றவர் அந்நாளில் இருந்தனர். பெயரைப் பார்க்க வேண்டாம், பொருளைப் பாருங்கள், அது அறிவை மயக்குகின்றதா என்று ஆராயுங்கள் என்றனர் மறுதரப்பினர். இறுதியில் அவர்கள் கூற்றே நிலைத்தது. பெயரால் மட்டும் ஒரு பொருள் ஆகாததாகிவிடாது. அப்படியானால் பெயரால் மட்டும் அது ஆகுமானதாகிவிடவும் முடியாதன்றோ? இதனை வாசக அன்பர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். மஷ்வராவில் இதுவே நமக்குக் கைகொடுத்தது.

அக்காலக் காப்பியில் பால் இல்லை. இன்றும் அரபு நாட்டுக் கஹ்வாவில் பால் இல்லை. ஏலக்காய் சேர்ப்பர், சிலர் கிராம்பும் குங்குமப்பூவும் சேர்ப்பர். யமனில் கொட்டையை விலக்கி, அதன் மேல்தோலை இஞ்சியுடன் கொதிக்கவைத்து 'கிஷ்ர்' எனப் பருகுவர். உம்ராவிற்குச் சென்றிருந்தபோது மதீனா நகரில் ஒரு முதியவர் இடக்கையில் 'தல்லா'வைப் பிடித்து, வலக்கையால் சிறு 'ஃபிஞ்சான்' நீட்டி நம்மை உபசரித்தார். மஞ்சள் பூத்த வெந்நீர் போன்றிருந்த அப்பானம் நாவைக் கசக்கச் செய்தது. அருகிலிருந்த பேரீத்தம்பழத்தைக் கடித்த பின்னரே அதன் பொருத்தம் விளங்கிற்று. இனிப்பு குவளைக்கு வெளியே இருந்தது! போதும் என்பதற்கு அடையாளமாகக் குவளையை ஆட்டிக் காட்ட வேண்டும் என்பதை அறியாமல், நாம் மேலும் நான்கு குவளை பருகியதும் உண்டு. அந்த உபசார முறையைச் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார் ஆகிய நாடுகளின் மரபுச் செல்வமாக யுனெஸ்கோ 2015-ஆம் ஆண்டு பதிவு செய்துள்ளது.

காப்பி தென்னாட்டிற்கு வந்த வரலாற்றில் ஓர் இறைநேசரின் பெயர் இணைந்துள்ளது. ஹஜ்ஜிலிருந்து மீண்ட பாபா புடன் அவர்கள் யமனின் மோக்கா துறையிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார்கள் என்பது பரம்பரைச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. விதை நம்மவர் கையால் வந்ததாயினும், தமிழகத்துப் பட்டணங்களில் காப்பி பரவியபோது அது உயர்ந்தோர் பானம் எனப் பெயர் பெற்றது. உழைப்பாளருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியது தேநீர் என்றொரு வழக்கு உண்டாயிற்று. காப்பிக் கிளப்புகளில் யார் எங்கே அமர்வது என்பதற்கே விதிகள் இருந்த காலம் அது. இவற்றையெல்லாம் ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையில் ஆராய்ந்து எழுதியுள்ளார்.

தமிழர் கைக்கு வந்த பின்னரே காப்பி பாலோடு பிரியாத உறவு பூண்டது. இன்று சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் தாண்டிப் படாளம், மதுராந்தகம் நோக்கி வருகின்றவர்கள், கும்பகோணம் டிகிரி காப்பி என்னும் பலகைகளை வரிசையாகக் காண்பர். பித்தளை டவராவும் தம்ளரும் அக்கடைகளின் கொடிச்சின்னம் போலும்! 'டிகிரி' என்பதற்குப் பொருள் பலவாறு கூறுவர். முதல் முறை வடித்த டிகாக்ஷனே முதல் டிகிரி என்பர் சிலர். சிக்கரி என்னும் சொல்லே மருவிற்று என்பர் வேறு சிலர். பால்மானி காட்டும் அளவே டிகிரி, அதாவது நீர் கலவாத பாலில் இட்ட காப்பி என்பது மற்றொரு விளக்கம். மூன்றனுள் நம் உள்ளம் மூன்றாவதையே நாடுகின்றது. ஒரு பானத்தின் புகழ் அதில் கலவாதிருந்த ஒன்றினால் வந்தது என்பது எத்துணைச் சிறப்பு!

பால்மானி காட்டுவது பாலின் அடர்த்தியை. நல்ல பாலில் அது ஏறத்தாழ 28 முதல் 32 வரையிலான கோட்டில் நிற்கும். நீர் கலந்தால் கீழே அமிழும். ஆனால் மனிதனின் சூழ்ச்சி கருவியினும் பெரிது. நீரைக் கலந்தவன் சிறிது சர்க்கரையையும் கலந்துவிட்டால் கோடு மீண்டும் மேலே ஏறிவிடும். ஏட்டை எடுத்துவிட்டாலும் ஏறும். ஆகவேதான் பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்பையும் தனியே சோதித்து, கொழுப்பும் மற்றச் சத்தும் எவ்வளவோ அவ்வளவிற்கே விலை தருகின்றனர். கடைப் பாலுக்கும் அரசு அளவு வகுத்துள்ளது. சமன்படுத்திய பால் எனப்படுவதில் கொழுப்பு 3 விழுக்காடும், நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடும் இருத்தல் வேண்டும். காப்பிக்குப் பின்னதே பொருந்தும் என்பர் சுவை அறிந்தோர். பாலிலுள்ள புரதம் காப்பியின் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அடக்குகின்றது. கொழுப்பு நாவிற்கு வழவழப்பைத் தருகின்றது. அச்சுவையின் கணக்கு அவ்வளவே.

பாலில் நீர் கலத்தல் என்றதும் மதரஸாவில் ஓதிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரலாறு நினைவிற்கு வரும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, பாலில் நீர் கலக்குமாறு தாய் ஏவியதையும், கலீஃபா காணாவிடினும் அல்லாஹ் காண்கின்றான் என்று மகள் மறுத்ததையும் செவியுற்றார்கள். அப்பெண்ணைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்தார்கள். அவ்வழியில் தோன்றியவரே நீதிக்குப் பெயர் பெற்ற உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் என்பது வரலாறு. அதுபோலவே, கடைவீதியில் தானியக் குவியலுள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகனைக் கண்டித்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. ஈரத்தானியத்தை விற்பதே கூடாது என்று அங்குக் கூறப்படவில்லை. மறைத்து விற்பதே கண்டிக்கப்பட்டது. இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

காப்பித் தூளிலேயே இதற்குச் சான்று உள்ளது. சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கு வேர். அதனை வறுத்துப் பொடித்தால் காப்பியின் நிறமும் கசப்பும் வரும். விழிப்பூட்டும் கஃபீன் மட்டும் வராது. நெப்போலியன் காலத்தில் 1806-ஆம் ஆண்டு தொடங்கிய கடல் வாணிகத் தடையால் காப்பி கிடைக்காத ஐரோப்பிய மக்கள் இதனைப் பெருமளவில் நாடினர். நம் நாட்டிலும் டிகாக்ஷன் கெட்டியாக இறங்க வேண்டும் என்பதற்காக இதனை விரும்பிச் சேர்ப்போர் பலர். சட்டம் இதனைத் தடுக்கவில்லை. கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது, காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்பதை உறையின் மீது எழுத வேண்டும் என்றே கூறுகின்றது. எழுதிவிட்டால் அது கலவை. எழுதாவிட்டால் அது கலப்படம். இரண்டு சொற்களுக்கும் இடையே நிற்பது ஒரு சிறு அறிவிப்பே!

இனி, இனிப்பைக் குறித்துப் பேச நம் ஊரைவிடத் தகுதியான ஊர் ஏது? மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்திருப்பது படாளத்திலேதான். அரவைக் காலத்தில் கரும்பேற்றிய வண்டிகள் வரிசையாக நிற்க, காற்றில் பாகின் மணம் கமழ்ந்திருந்த காலைகளில் நாம் பிள்ளைகளுக்கு அலிஃப், பே ஓதிக் கொடுத்துள்ளோம். இவ்வூர் மக்கள் வெண்சர்க்கரையைச் சர்க்கரை என்றே அழைப்பர். தென்மாவட்டத்தார் அதனையே சீனி என்பர். அத்தகைய ஊரில் வாழ்ந்துகொண்டு, நாற்பத்தெட்டாம் வயதில் நமக்கே சர்க்கரை நோய் கண்டது இறைவனின் ஏற்பாடு. அன்று முதல் நம் காப்பியில் இனிப்பு இல்லை. "வெல்லம் போட்டுக் குடியுங்கள், ஹஜ்ரத், கருப்பட்டி ஒன்றும் செய்யாது" என்று அன்போடு கூறுவோர் பலர். அவ்வன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். கரும்பு வெல்லமாயினும் பனங்கருப்பட்டியாயினும் அவற்றுள் பெரும்பங்கு இருப்பது அதே சர்க்கரைப் பொருளே. மணமும் சிறிதளவு தாதுக்களும் கூடுதலாக உண்டு. அதனால் நோயாளிக்கு விலக்கு நீங்கிவிடாது. நம் கடற்கரைப் பனைகளின் கருப்பட்டியைப் பழிக்க நமக்கு மனமில்லை. நலமுள்ளோர் அதனைக் காப்பியில் இட்டுப் பருகட்டும். சுக்கும் கூட்டினால் இன்னும் நன்று.

கடல் கடந்த நம்மவர்கள் வேறொரு வழியைக் கண்டனர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய சாயாக் கடைகளில் புதுப்பால் கிடைப்பதரிது. கிடைத்தாலும் அவ்வெப்பத்தில் நில்லாது. ஆகவே தகரக் குவளையில் அடைத்த இனிப்பூட்டிய கெட்டிப்பாலே அங்கு ஆட்சி செலுத்திற்று. அந்நாட்டில் 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் சேர்ந்தது. 'கோப்பி ஓ' என்றால் பாலின்றிச் சர்க்கரை மட்டும். 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். 'கோசோங்' என்று சேர்த்துச் சொன்னால் சர்க்கரையும் இல்லை. மலாய் மொழியில் அச்சொல்லுக்கு வெறுமை என்று பொருள். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டமையால் அங்கு யாரும் ஏமாறுவதில்லை. இலங்கையிலோ பால்மா எனப்படும் பால்தூளே வீட்டுக்கு வீடு பயன்படுகின்றது. பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வருகின்ற அத்தூள் 2021, 2022-ஆம் ஆண்டுகளின் நெருக்கடியில் கிடைக்காமற்போனபோது, மக்கள் வெறும் தேநீரைப் பருகிக் காலத்தைக் கழித்தனர்.

இப்போது 'கிரீமர்' எனப்படும் தூளுக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னேஷன் நிறுவனம் 'காஃபி-மேட்' என்னும் தூளை விற்பனைக்குக் கொணர்ந்தது முதல் இவ்வகைத் தூள் உலகெங்கும் பரவிற்று. பால்தூள் வேறு, இது வேறு. நம் கடைகளில் 'டெய்ரி ஒயிட்னர்' என விற்கப்படுவது பாலிலிருந்து எடுத்துச் சர்க்கரை கூட்டியது. அதுவும் வேறு. கிரீமரின் பெரும்பகுதி மாவுப்பொருளிலிருந்து எடுத்த குளுக்கோஸ் பாகின் தூளும், இறுகச் செய்த தாவரக் கொழுப்பும் ஆகும். பாலின் புரதத்திலிருந்து பிரித்தெடுத்த சோடியம் கேசினேட் சிறிதளவு உண்டு. சூடான, புளிப்பியல்புடைய காப்பியில் திரியாதிருக்க ஒரு பாஸ்பேட் உப்பும், எண்ணெயும் நீரும் பிரியாதிருக்க ஒரு கூட்டுப்பொருளும் சேர்ப்பர். ஆகவே அது வெண்மை தரும்; வழவழப்பும் தரும்; பாலின் சத்தை மட்டும் தராது. நூறு மில்லி பாலில் ஏறக்குறைய மூன்று கிராம் புரதம் உண்டு; ஒரு குவளைக்கான கிரீமரில் இருப்பது பெயரளவிற்கே. பால் ஒவ்வாதவர் இதனைப் பாலில்லாதது என நம்பிவிடவும் கூடாது, கேசினேட் பாலிலிருந்து வந்ததாகையால். சர்க்கரை நோயாளி இதனை இனிப்பில்லாதது எனக் கருதிவிடவும் கூடாது, குளுக்கோஸ் பாகு உள்ளதாகையால்.

இதனைப் பருகுவது ஆகுமா என்று நம்மிடம் கேட்போர் உண்டு. ஐயம் எழுவது 471 என எண்ணிட்ட கூட்டுப்பொருளைப் பற்றியே. அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம். விலங்கின் கொழுப்பிலிருந்தும் வரலாம். நம் நாட்டுச் சட்டப்படி, விலங்கின் கொழுப்புச் சேர்ந்த உணவின் உறையில் பச்சைப் புள்ளியிட இயலாது. பால் மட்டும் அதற்கு விலக்கு. எனவே பச்சைப் புள்ளியுள்ள தூளைக் குறித்து மனக்குழப்பம் வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பொட்டலமாயின் விசாரித்துக்கொள்வது பேணுதல். இறுகச் செய்த கொழுப்பில் இதயத்திற்குத் தீங்கு செய்யும் மாறுகொழுப்பு மிகாதிருக்க, 2022-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் நம் நாட்டில் 2 விழுக்காடு என வரம்பும் இட்டுள்ளனர். ஆக, கிரீமர் ஆகாத பொருள் என்று நாம் கூறவில்லை.

இனி மஷ்வராவின் செய்தி. நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில் ஸுபுஹு தொழுகைக்குப் பின் முப்பத்தைந்து பிள்ளைகள் வந்து ஓதுகின்றனர். வெறும் வயிற்றோடு வருகின்றவர்கள் அவர்களுள் பலர். அவர்களுக்கு ஆளுக்கொரு குவளைப் பாலும், தொழுகைக்கு வரும் பெரியவர்களுக்குக் காப்பியும் தருவது பல்லாண்டு வழக்கம். ஊரில் இரண்டு பசு வளர்க்கும் ஓர் அம்மையார் நாள்தோறும் ஐந்து லிட்டர் பால் கொண்டுவந்து ஊற்றுவார். மோதினார் தஹஜ்ஜுத் நேரத்திலேயே எழுந்து அதனைக் காய்ச்சி வைப்பார். அவருக்கு வயது அறுபத்தெட்டு.

இந்நிலையில் வெளியூரில் செழிப்பாக வாழும் ஓர் அன்பர், பொத்தானை அழுத்தினால் பானம் தரும் இயந்திரம் ஒன்றை அன்பளிப்பாகத் தர முன்வந்தார். தூளும் ஓராண்டிற்கு அவருடைய பொறுப்பே. இயந்திரத்தில் காப்பி, தேநீர், பால் என மூன்று பொத்தான்கள் இருந்தன. கமிட்டியார் மகிழ்ந்தனர். அடுப்பு வேண்டாம், எரிவாயு வேண்டாம், பால் பொங்கி வழிவதுமில்லை. மோதினார் இன்னும் ஒரு மணி நேரம் உறங்கலாம் என்று ஒருவர் கூறியபோது, மோதினார் தலைகுனிந்து புன்னகை செய்ததை நாம் கண்டோம். அப்புன்னகையை அலட்சியம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. புதியது என்பதற்காக ஒன்றை எதிர்ப்பதும் அறிவுடைமை அன்று.

ஆயினும் பால் என்னும் பொத்தானுக்குரிய தூளின் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லி, மருந்தியல் படிக்கும் நம் பழைய மாணவனைக் கொண்டு அதன் பொடியெழுத்துகளைப் படிக்கச் செய்தோம். சர்க்கரை, குளுக்கோஸ் பாகின் தூள், தாவரக் கொழுப்பு, சோடியம் கேசினேட், பாதாம் மணம் என்று அவன் வரிசையாகப் படித்தான். பாலோ பால்தூளோ அதில் இல்லை. பொட்டலத்தைச் செய்தவர் உண்மையை எழுதியிருந்தார். பொத்தானில் பெயர் ஒட்டியவரே தவறியிருந்தார். அப்போது நாம் எழுந்து, மக்காவில் நடந்த பழைய வாதத்தைச் சுருக்கமாக எடுத்துரைத்தோம். "கஹ்வா என்னும் பெயரைக் கண்டு மயங்காமல் பொருளை ஆராய்ந்தனர் நம் முன்னோர். பால் என்னும் பெயரைக் கண்டு நாம் மட்டும் மயங்கலாமா? பெரியவர்கள் அறிந்து அருந்துவதில் நமக்குத் தடையில்லை. அறியாத பிள்ளையின் கையில் எண்ணெயும் பாகும் கலந்த வெந்நீரைத் தந்து பால் என்று நாம் சொல்லுவோமாயின், ஈரத்தானியத்தை அடியில் மறைத்த வணிகனின் வரிசையிலன்றோ நிற்க நேரும்?" என்றோம்.

அவை சற்றே அமைதியாயிற்று. பின்னர் ஒரு பெரியவர், "அப்படியானால் அதற்கு என்ன பெயர் வைப்பது, ஹஜ்ரத்?" என்று கேட்டார். கேள்வி எளிதன்று. பாலேட்டுத் தூள் என்றால் பொய்யாகிவிடும், ஏட்டிற்கும் அதற்கும் உறவில்லையாகையால். எண்ணெய்த் தூள் என்றால் எவரும் வாய் வைக்கமாட்டார். தேங்காய்ப்பால் என்று சொல்கின்றோமே, அதுபோல் ஒரு பெயர் வைக்கலாமே என்றார் மற்றொருவர். தேங்காய்ப்பால் என்னும்போது முன்னுள்ள சொல்லே உண்மையைக் கூறிவிடுகின்றது. அதனைப் பசுவின் பால் என எவரும் எண்ணுவதில்லை. இறுதியில் பாலல்லாத தூள் என்றே எழுதி ஒட்டுவது என முடிவாயிற்று. இலக்கிய நயம் இல்லாத பெயராயினும் அதில் உண்மை உள்ளது.

மீதமிருந்தது பிள்ளைகளின் பாலும் மோதினாரின் உறக்கமும். அதனைத் தீர்த்துவைத்தவர் பால் ஊற்றும் அம்மையாரே. இயந்திரம் வரப்போகும் செய்தியை அவரிடம் எவ்வாறு கூறுவது என்று நாம் தயங்கியிருக்க, அவருக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. "எனக்கும் முட்டி வலி பாய், அஞ்சு லிட்டரைத் தூக்கிக்கினு வர முடியல. மிச்சத்தைச் சங்கத்துல ஊத்திக்கிறேன். புள்ளைங்களுக்கு வேணுங்கிறதை மட்டும் வூட்லயே காய்ச்சிக் கொண்டாந்து குடுத்திடறேன்" என்றார். மூன்றரை லிட்டர் என்று கணக்கிட்டோம். ஆளுக்கு நூறு மில்லி. காய்ச்சும் கூலியாகச் சிறு தொகை சேர்த்துத் தருவதாகக் கமிட்டியார் ஒப்பினர். மோதினார் இப்போது தம் விருப்பப்படி உறங்கலாம். ஆயினும் அவர் பழைய நேரத்திலேயே எழுந்து தொழுகின்றார் என்று கேள்வி.

அன்று பேச்சு முடிந்து புறப்படுகையில், "உங்கள் வீட்டுக் காப்பியில் என்ன சேர்ப்பீர்கள், அம்மா?" என்று வினவினோம். அவர் சிரித்துவிட்டார். "பால் விக்கிறவங்க வூட்ல பாலு ஏது பாய்? கடுங்காப்பிதான். ஒரு துண்டு வெல்லத்தைக் கடிச்சிக்கினு குடிச்சிடுவேன்" என்றார். கன்று ஈன்ற நாட்களில் சீம்பாலைக்கூட அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுகின்றவர் அவர். குவளைக்குள் கசப்பு, குவளைக்கு வெளியே இனிப்பு. மதீனாவில் பேரீத்தம்பழத்தோடு நமக்குக் கிட்டிய அதே முறை! அங்கு அது செல்வர் வீட்டு மரபாக இருந்தது. இங்கு அது இரண்டு பசுக்களை நம்பி வாழும் ஒருவரின் சிக்கனமாக இருந்தது. முப்பத்தைந்து பிள்ளைகளின் குவளை நிறைவதற்காகவும் நம் போன்றோரின் காப்பி வெளுப்பதற்காகவும் ஒருவருடைய குவளை கறுத்திருக்கின்றது என்பதை நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவருக்குரிய பால் விலையை மாத முடிவில் தருகின்ற வழக்கத்தை மாற்றி, வாரந்தோறும் தருமாறு கமிட்டியாரிடம் கேட்டுக்கொண்டோம். அது உடனே நடைமுறைக்கும் வந்தது.

காப்பியில் எதனைச் சேர்ப்பது என்னும் வினாவிற்கு எல்லார்க்கும் ஒரே விடை கூற இயலாது. நலமுள்ளவர் நல்ல பாலைச் சேர்க்கலாம். அதனைக் காய்ச்சி, டிகாக்ஷனைப் புதிதாக வடித்துக் கலந்தால் வேறெதுவும் வேண்டியதில்லை. பால் செரியாதவரும் நோயுற்றவரும் கடுங்காப்பியைப் பழகலாம். ஏலமோ சுக்கோ சேர்த்தால் கசப்பு ஒரு வாரத்தில் நட்பாகிவிடும். பயணத்திலும் அவசரத்திலும் தூளை நாடுகின்றவர், அது இன்னதென அறிந்து நாடட்டும். சிக்கரி விரும்புகின்றவர் அதன் அளவை உறையில் பார்த்து வாங்கட்டும். பிறருக்கு ஊற்றிக் கொடுக்கின்றவர்களுக்கு மட்டும் ஒரு கடமை கூடுதலாக உண்டு. தாம் கலந்தது இன்னதென்று கேட்குமுன்பே கூறிவிட வேண்டும். குவளையை ஏந்துகின்றவன் நம்மை நம்பியே பிஸ்மி சொல்கின்றான். அந்த நம்பிக்கை கெடாதவாறு ஊற்றுகின்ற கைகளில் அல்லாஹ் பரக்கத்தை அருள்வானாக.